பலூன் அனுப்பிய அண்ணன்

தென்கொரியாவின் பூசான் நகரில் தன் ஒற்றை அறையில் அமர்ந்து, ஹியே-ரின் தினமும் மதியச் சாப்பாட்டை இணைய நேரலையில் சாப்பிட்டுக் காட்டுவாள். பார்ப்பவர்கள் காசு கொடுத்து அனுப்ப, திரையில் தோன்றும் பலூன் படங்கள்தான் அவள் வருமானம். பலூனோடு வரும் செய்தியை இயந்திரக் குரல் வாசிக்கும். கேட்டதைச் செய்து நன்றி சொல்ல வேண்டும்.

அன்று பெயரில்லாத ஒருவர் பலூன்களை அள்ளி அனுப்பினார்.

"பசிக்குது. எனக்கும் ஒரு கிண்ணம் சோறு வை. ஸ்பூனைச் சோத்துல குத்தி நிறுத்து," என்றது குரல்.

இறந்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் அங்கே அப்படி நிறுத்துவார்கள். ஹியே-ரின் சிரித்துக்கொண்டே இன்னொரு கிண்ணத்தில் சோறு வைத்து ஸ்பூனை நிறுத்தினாள்.

"ரொம்ப நன்றி அண்ணா. உள்ள வாங்க, வந்து சாப்பிடுங்க."

பார்த்துக்கொண்டிருந்த அக்கா தேகு நகரிலிருந்து உடனே போன் செய்தாள்.

"ஏண்டி, காசு குடுத்தா எதை வேணாலும் செஞ்சிடுவியா? முதல்ல அந்த ஸ்பூனை எடு."

"சும்மா வெளையாட்டுக்குத்தான்க்கா. இரு, எடுக்கிறேன்."

நேரலையை நிறுத்திக் கணினியையும் அணைத்துவிட்டுத் திரும்பினாள். அந்தக் கிண்ணத்தில் பாதிச் சோறு இல்லை. அறையில் எந்தச் சத்தமும் இல்லை. போனில் அக்காவின் குரல் மட்டும் மெதுவாகக் கேட்டது.

"ஹியே-ரின், உன் பக்கத்துல யாருடி? நீ ராத்திரிக்கு என்ன சமைக்கப்போறேன்னு கேக்குறாரே?"