ஐந்தடி நான்கு அங்குலம்

படத்தில் இருந்தது அப்பா இல்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். பட்டாளத்தில் சேர்ந்த அன்று எடுத்த படம். பத்தொன்பது வயது. கீழே அப்பாவின் பெயர், அப்பாவின் ஊர், அப்பாவின் படை எண்.

முகம் மட்டும் வேறு யாருடையதோ.

அப்பா இறந்து ஒன்பது நாள் ஆகிறது. தொண்ணூற்றாறு வயது. முன்னாள் வீரர்கள் சங்கத்தில் இரங்கல் கூட்டம் வைக்கிறார்கள். மேடையில் வைக்க இளவயதுப் படம் ஒன்று கேட்டார்கள். வீட்டில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இந்த ஆவண அலுவலகத்துக்கு வந்தேன். எழுத்தர் நல்ல மனிதர். தும்மித் தும்மி, இரண்டு மணி நேரம் தேடி, கோப்பைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்.

எழுபத்தேழு வருஷத்தில் யார் முகமும் மாறத்தான் செய்யும். ஆனால் இந்தப் பையன் தாடையில் இருக்கும் குழி எங்கே போகும்? அப்பாவுக்குத் தாடை வழவழவென்று இருக்கும். கடைசி இரண்டு வருஷம் சவரம் செய்துவிட்டது நான்தான்.

எதிர்ப்பக்கத்தில் அங்க அடையாளங்கள். உயரம், ஐந்தடி நான்கு அங்குலம்.

அப்பா எங்கள் வீட்டில் எந்த அறைக்குள் போனாலும் தலையைக் குனிந்துதான் நுழைவார். ஒன்பது நாளைக்கு முன்னால் சவப்பெட்டி செய்தவர் நம்பாமல் இரண்டு தடவை அளந்தார். ஆறடி ஒரு அங்குலம்.

அப்பா போரிலிருந்து வந்த கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வயதில், தலையில் கட்டோடு, இரண்டு சிப்பாய்கள் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பாட்டி வீட்டு வாசலில் விட்டார்களாம். பக்கத்திலேயே குண்டு வெடித்ததில் ஞாபகம் சுத்தமாகப் போய்விட்டது. கழுத்தில் கிடந்த எண் தகட்டை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பாட்டி வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அப்புறம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாராம்.

மறுநாளிலிருந்து பாட்டி அவருக்கு அவருடைய சின்ன வயதைச் சொல்லிக்கொடுத்தார்.

கொய்யா மரத்திலிருந்து விழுந்து இடது கை முறிந்த கதையை அப்பா எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். நூறு தடவையும் ஒரே வார்த்தைகள். எங்காவது தடுமாறினால் அடுப்படியிலிருந்து பாட்டியின் குரல் வரும்.

“மூணாவது கிளைடா.”

அப்பா பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி முதலிலிருந்து ஆரம்பிப்பார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். இந்தக் கை ஆயுசுக்கும் ஒருமுறைகூட முறிந்ததில்லை என்றார் டாக்டர். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயசு டாக்டர், அவருக்கு என்ன தெரியும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

முப்பத்தோரு வருஷம் குடிநீர் நிலையத்தில் பம்பு ஓட்டினார். அவர் வேலையில் இருந்த ஒரு நாளும் ஊருக்குத் தண்ணீர் நின்றதில்லை. கல்யாணம், மூன்று பிள்ளைகள், ஆறு பேரன் பேத்திகள். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுப்புக் கடிதம் வேண்டுமென்றால் நாங்கள் அவரிடம்தான் போவோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் உடனே திரும்பமாட்டார். ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் திரும்புவார். காது மந்தம் என்று முடிவு கட்டிவிட்டோம். அடுத்த தெருவில் குழந்தை அழுதால் அவருக்குத்தான் முதலில் கேட்கும்.

பாட்டி இறந்த அன்று அப்பா அழவில்லை. இனிமேல் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னார். துக்கத்தில் உளறுகிறார் என்று அம்மா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“இவர்தானேம்மா உங்க அப்பா? சரின்னா நகல் எடுத்துட்டு வந்துடறேன்.”

எழுத்தர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

இல்லை என்று சொன்னால் விசாரணை வரும். சங்கத்தில் கூட்டம் நின்றுபோகும். புதைத்து ஒன்பது நாளே ஆன மனிதருக்குப் பெயர் இல்லாமல் போகும். அதற்கப்புறம் நான் யாருடைய மகள்?

படத்திலிருந்த பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்த மண்ணில், யார் பெயரில் கிடக்கிறானோ.

“ஆமா சார். அப்பாவேதான்.”

யாரோ பக்கத்தில் நின்று சொன்னது போல இருந்தது.

அவர் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கோப்பு மேஜையில் திறந்தபடியே கிடந்தது. பாவம், பாட்டியும் ஏமாந்துவிட்டார், அப்பாவும் ஏமாந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டினேன்.

ஒரு கடிதம். அப்பா திரும்பி வந்து மூன்றாவது மாதத்துத் தேதி. படை அலுவலகத்துக்குப் பாட்டி அனுப்பியது.

‘ஐயா, நீங்கள் கொண்டுவந்து விட்ட பையன் என் மகன் இல்லை. பார்த்த அன்றே எனக்குத் தெரியும். என் பிள்ளை இனி வரமாட்டான் என்பதும் தெரியும். இவனைத் தேடிக்கொண்டு இவனைப் பெற்றவள் வந்தால் எனக்குச் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன். யாரும் வராவிட்டால் என்னிடமே இருக்கட்டும். அவனுக்கு ஞாபகம் இல்லை. இது அவனுக்குத் தெரியவேண்டாம்.’

ஓரத்தில் சிவப்பு மையில் ஓர் அதிகாரி கிறுக்கியிருந்தார்: ‘நடவடிக்கை தேவையில்லை.’

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதத்தின் அடியில் அவருடைய கட்டைவிரல் ரேகை மட்டும் இருந்தது.

மேலே இருந்த எழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் பள்ளிக்கூட விடுப்புக் கடிதங்கள் எல்லாவற்றையும் எழுதித் தந்த கை அது.