தொட்டியின் சூடு

மண் முதன்முதலாக எந்த நாளில் சுட்டது என்று கேட்டால் அவளுக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியாது. துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் போன பிறகு என்றுதான் நினைவு. அதுவும் தப்பாக இருக்கலாம். அந்த நாட்களில் எது முன்னே, எது பின்னே என்பதே குழம்பிக் கிடக்கிறது.

பால்கனி மூலையில், நீல ட்ரம்மைப் பாதியாக அறுத்துச் செய்த தொட்டி. அதில் மகள் கலந்துவைத்த மண்.

தென்னை நார்த்தூள், மாட்டெரு, காய்ந்த இலை, புண்ணாக்கு எல்லாவற்றையும் கொட்டி, முழங்கைவரை கையை விட்டுக் கலந்தாள். புதிதாகக் கலந்த மண் கொஞ்ச காலம் உள்ளுக்குள் வேகுமாம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்று தின்று சூட்டைக் கிளப்புமாம். அது ஆறிய பிறகுதான் செடி வைக்க வேண்டுமாம்.

எட்டிப் பார்த்த அப்பாவை விரட்டிவிட்டாள். "அப்பா, உங்க கைராசிக்கு பிளாஸ்டிக் செடியே வாடிடும். தொட்டிப் பக்கம் வந்துடாதீங்க."

அந்த வாரமே, வண்டியில் வேலைக்குப் போனவள் திரும்பவில்லை.

மருத்துவமனையில் அம்மா பிடித்துப் பார்த்த அந்தக் கை சில்லென்று இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. அப்புறமும் வரவில்லை. சமைத்தாள், துணி மடித்தாள், கேட்டவர்களுக்குப் பதில் சொன்னாள்.

துணி காயப்போட வந்த ஒருநாள், சும்மா மண்ணில் கையை விட்டாள்.

சுட்டது.

மகள் கிளப்பிவிட்டுப் போன சூடு.

அன்றிலிருந்து விடிந்ததும் அவள் கை மண்ணுக்குள் இருக்கும். ஒருநாள் சூடு இறங்கியது மாதிரி இருந்தது. பதறிப்போய்க் கீரைத் தண்டை நறுக்கி உள்ளே புதைத்தாள், சர்க்கரை கரைத்த தண்ணீரை ஊற்றினாள். மறுநாள் மறுபடி சுட்டது. பிறகு அதுவே வழக்கமாயிற்று. கணவருக்குத் தெரியாமல் தீனி போட்டுப் போட்டு, மண்ணை ஆற விடாமல் வைத்திருந்தாள்.

அவர் தினமும் காலையில் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"ஆறிடுச்சாம்மா?"

எப்போது ஆறும், எப்போது ஒரு செடியை வைத்து இதை முடித்துத் தொலைக்கலாம் என்று காத்திருக்கிறார் போல. "இல்ல" என்பாள். அன்றைய பேச்சு அதோடு சரி.

பிறகு அவளே ஓய்ந்துபோனாள். தீனியை நிறுத்தினாள். ஆறினால் ஆறட்டும்.

நிறுத்திச் சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் கையை விட்டாள். சில்லென்று இருக்கும் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் விட்டாள்.

சுட்டது.

கையை எடுக்காமல் நின்றாள். அப்போதுதான் தொட்டியின் விளிம்போரம் கண்ணில் பட்டது. கொத்தாகப் பப்பாளிக் கன்றுகள்.

அவள் பப்பாளி போடவே இல்லை. மற்ற எதை வேண்டுமானாலும் போடு, அந்த விதையை மட்டும் போடாதே, காடாக முளைத்துவிடும் என்று மகள் சொல்லியிருந்தாள். அம்மாவிடம் சொல்லியிருந்தாள். தொட்டிப் பக்கமே வரக்கூடாத ஆளிடம் எதற்குச் சொல்லப்போகிறாள்?

அந்த வீட்டில் காலையில் பப்பாளி சாப்பிடுகிறவர் ஒருவர்தான். கொஞ்ச நாளாகத் தோலும் விதையுமாகத் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறார். தனக்கு வேலை வைக்க வேண்டாம் என்று நினைக்கிறார் என அவள் விட்டுவிட்டிருந்தாள்.

பின்னால் கதவு திறந்தது.

"ஆறிடுச்சாம்மா?"

கேட்டுவிட்டு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அன்றுதான் கவனித்தாள்.

"இல்லங்க. நல்லாவே சுடுது."

அவர் தலையாட்டிவிட்டுப் பழம் நறுக்க உள்ளே போனார்.

மழைக்காலத்தில் அந்த மண் ஆறிப்போனது. கன்றுகளில் ஒன்று மட்டும் நின்று, பால்கனிக் கம்பிக்கு மேலே வளர்ந்தது. ஆண் மரம், காய்க்கவில்லை. யாரும் வெட்டவில்லை. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவள் மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். தொட்டியைப் பற்றி இருவரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை.