கடைசி லோடு

"இன்னிக்கு விட்டா இனி எப்படா பேசப்போறே? விடிஞ்சா உங்கண்ணன் கப்பலேறிடுவாரு" என்றான் வெல்டர்.

சிக்னல்மேனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாக்கி டாக்கியைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான். மேலே, பதினைந்து மாடி உயரத்தில், கிரேன் கூண்டுக்குள் அண்ணன்.

"நீ எனக்கு அண்ணனே இல்ல" என்று தங்கை கல்யாணத்தில் அத்தனை பேர் முன்னால் தான் சொன்னது, எட்டு மாதமாகத் தம்பியின் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் இடையே "தூக்கு", "இறக்கு", "நிறுத்து" மட்டும்தான்.

"அந்த வாக்கி டாக்கியிலயே கூப்பிட்டுப் பேசித் தொலையேன்!"

"லோடு தொங்கும்போது வேற பேச்சு கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவன்தான். இறங்கட்டும்."

அன்றைய கடைசி இரும்புத் தூண் அங்குலம் அங்குலமாக இறங்கியது. தரையைத் தொட்டதுதான் தாமதம், தம்பி பட்டனை அழுத்தினான்.

"அண்ணே, அன்னிக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மன்னிச்சிடு. போறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி வீட்டுக்கு வந்துட்டுப் போண்ணே."

பட்டனை விட்டுவிட்டுக் காத்திருந்தான். மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்திருக்கான் பாரு!" என்றான் தம்பி.

சற்று நேரத்தில் அண்ணன் ஏணி வழியே இறங்கினான். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் அறையில் வாக்கி டாக்கியை ஒப்படைத்துவிட்டு, விறுவிறுவென்று கேட்டை நோக்கி நடந்தான்.

"நீயாவது ஓடிப் போய்ப் பேசுடா" என்றான் வெல்டர்.

"மாட்டேன். இனி செத்தாலும் அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!"

தன் வாக்கி டாக்கியைக் கொடுக்கப் போனான் தம்பி. அவன் தலையைக் கண்டதும் சூப்பர்வைசர் எரிந்து விழுந்தார்.

"ஏன்யா, உங்க ரெண்டு பேருக்கும் அறிவிருக்கா? லோடு இறங்கினதும் அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்துல பட்டனை அழுத்திட்டுப் பேசினா, யார் பேசுறது யாருக்குக் கேக்கும்? எனக்கு இங்கே வெறும் இரைச்சல்தான் வந்துச்சு. இதுல உங்கண்ணன் வேற, 'இவ்வளவு கெஞ்சியும் என் தம்பி ஒரு வார்த்தை பேசலையே'ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போறான்!"