பாலத்துக்கு இப்புறம்

ஜப்பானின் ஈஸே ஷின்டோ கோயிலின் மரப்பாலத்தில் மழை தூறிக்கொண்டிருக்கிறது. பாலத்தின் முகப்பிலுள்ள தோரண வாயிலுக்குத் தலை குனிந்துவிட்டு ஷிகெகோ காலெடுத்து வைக்கப் போகிறாள். தங்கை நட்சுயே சட்டென்று அவள் கையைப் பிடித்து இழுக்கிறாள். "அக்கா, நில்லு! அத்தான் போய் ஒரு மாசம்கூட ஆகலையே. தீட்டோட வாயிலைத் தாண்டலாமா?" ஷிகெகோவின் முகம் வெளிறுகிறது. புருஷனோடு வருவதற்காகத் திட்டம் போட்ட பயணம் இது. அவனுக்கும் சேர்த்துக் கும்பிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் வடகோடி அவோமோரியிலிருந்து ரயிலேறியவளுக்கு இது தோன்றவே இல்லை. "ரயில்லயே சொல்லக் கூடாதாடி? வழி நெடுகத் தின்னுக்கிட்டே வந்தியே!" "எனக்கும் இப்பத்தான் உறைச்சுது. யாருக்குத் தெரியப்போகுது, பேசாம வர்றியா?" "எனக்குத் தெரியுமே. நீ போயிட்டு வா." நட்சுயேயின் சிவப்புக் குடை பாலத்தைக் கடந்து தேவதாரு மரங்களின் இருட்டுக்குள் மறைகிறது. அக்கரையில் சரளைக் கற்கள் மிதிபடும் சத்தம் இங்கே வரை கேட்கிறது. ஷிகெகோ ஓரமாக ஒதுங்குகிறாள். கறுப்புக் கோட்டு அணிந்த ஒருவர் அங்கே வாயிலையே பார்த்தபடி நிற்கிறார். அவரும் உள்ளே போகவில்லை. "உங்க வீட்டுல யாரு?" என்று மெல்லக் கேட்கிறார். "வீட்டுக்காரர். உங்களுக்கு?" "பொண்ணு. பரீட்சையில பாஸானா இங்க கூட்டிட்டு வர்றதாச் சொல்லியிருந்தேன்." வாயிலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்கிறார்: "ரிசல்ட் வந்துருச்சு. பாஸ் பண்ணிட்டா." மழை வலுக்கிறது. ஷிகெகோ தன் குடையை அவர் பக்கமாகச் சாய்க்கிறாள்.