பெல்ட்டை நிறுத்திய மூச்சு

எங்கள் ஜவ்வரிசி ஆலையில் மாவு மூட்டை ஏற்றும் பெல்ட், இப்போதெல்லாம் ஆளைப் பார்த்துத்தான் ஓடுகிறது. கையில் கட்டிய பட்டையைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால், நமக்கு மூச்சு இரைக்கும்போது பெல்ட் நின்று காத்திருக்கும். ஆனால் அந்த இணைப்பை அவரவரேதான் போட வேண்டும். அடுத்தவர் விரல் பட்டால் ஏற்காது. எழுத்துத் தெரியாத காலமெல்லாம் பெல்ட்டுக்கு ஈடாக நான்தான் ஓடினேன்.

முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டு, போன வாரம் நானே போட்டேன். பட்டையின் சேதி போகிற சீரியல் லைனைத் தேர்ந்தெடுத்தேன், சேதி போகும் வேகம் கொடுத்தேன், பட்டைக்கு எண் கேட்டதற்கு மூன்று என்று அடித்தேன். அது வறுக்கிற அடுப்பின் எண். கம்ப்யூட்டர் என் உடம்புச் சூட்டை அடுப்புச் சூடு என்று நினைத்து, விறகை அள்ளி அள்ளித் தள்ளியது. ஒரு தட்டு ஜவ்வரிசி கரியாகிப் போனது.

"மாராயிக்கா, உன்னைச் சூடாக்கத்தான் அது பாடாப் படுது!" என்று கூட வேலை செய்யும் பாவாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சூப்பர்வைசர் தனசேகர், "விடுங்கக்கா, பழைய மாதிரியே ஓடிக்கலாம்" என்றார்.

"நீங்க ஓடுங்க தம்பி" என்றேன்.

யாருக்கும் இல்லாத எண்ணாகப் பார்த்து மறுபடி அடித்தேன். என் பேருக்கு நேரே பச்சை எரிந்தது.

அன்று மத்தியானம் மூட்டை ஏற்றும்போது மூச்சு இரைத்தது. உட்கார்ந்தேன். பெல்ட் நின்றது. ஆலையே அடங்கிப் போனது.

முதலாளி ஓடி வந்தார். "ஏன்யா நிக்குது?"

தனசேகர் திரையைக் காட்டினார்: "மாராயி மூச்சு வாங்குகிறார். காத்திருக்கவும்."

நான் உட்கார்ந்தபடியே எழுத்துக்கூட்டி அதை முழுசாகப் படித்தேன். முதலாளி காத்திருந்தார்.