பெயர் ஒட்டாத கண்ணாடித் தகடு

சன்னல் வெயிலை நுண்ணோக்கிக்குள் திருப்புகிறார் ஆஸ்பத்திரிப் பரிசோதகர் பேரின்பநாயகம். ஜப்பான்காரன் வந்தும் கழுத்துப்பட்டியை அவிழ்க்காதவர். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி தேக்கா வட்டாரம் முழுக்கப் பிரசங்கம் செய்தவர். கண்ணாடித் தகட்டில் தடவிய மலத்தில் அமீபா பொய்க்காலை நீட்டித் துழாவுகிறது. சிவப்பணு ஒன்றில் பட்டதும், ஆளை அடையாளம் கண்டதுபோல் ஒட்டிக்கொண்டு விழுங்குகிறது. உள்ளே ஏற்கெனவே நான்கு கிடக்கின்றன. தகட்டில் பெயரில்லை.

"யாரோடதுங்க ஐயா?" என்கிறான், தரை கூட்ட வந்த தங்கராஜு.

"ஆரோ பச்சைத் தண்ணி குடிச்ச விசரன்ர."

"பாவம் லா, ஊசிமருந்தும் தீர்ந்துபோச்சு. வீட்டுல பாத்துக்க ஆள் இருக்கா?"

"இல்லை" என்று சொல்லி, கழுத்துப்பட்டியைத் தோளில் எறிந்துகொண்டு, விடிந்ததிலிருந்து ஏழாவது முறையாகக் கழிப்பறைக்குப் போகிறார், ஓடுவது தெரியாதபடி.