அரக்குப் பட்டு

கல்யாணப்பெண் வடிவரசி கடைக் கண்ணாடி முன் நின்றாள். விற்பனையாளர் அரக்குப் பட்டுச்சேலையைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டினார். “அவ தோள்ல போடுங்க சார், அவதானே கட்டப்போறா” என்றாள் அம்மா. “எடுக்கறதுன்னு முடிவு பண்ணுங்கம்மா, போடறேன். கறுத்த உடம்பு, சேலை அழுக்காயிடும்.” அவருடைய கழுத்து வேர்வை சரிகையில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா முந்தியைப் புரட்டினாள். சற்றுமுன் இதே சேலையை ஒரு சிவத்த பெண்ணின் தோளில் அவரே போட்டுவிட்டதில், அவளுடைய முகப்பவுடர் அங்கே அப்பியிருந்தது. “அது தட்டினா போயிடும்மா” என்று வாயால் ஊதினார். எச்சில் தெறித்தது. முகூர்த்தத்துக்கு அரக்கு நிறம்தான் என்று வடிவரசி எத்தனையோ நாளாக ஆசைப்பட்டிருந்தாள். “வேண்டாம்மா, இந்தாளு மேல பட்டதை எப்படி உடம்புல சுத்திக்கறது?” என்றாள். சேலையைத் தோளில் போட்டபடியே அவர் கண்ணாடியில் தெரிந்தார்.